ஏரிக்குள் ஒரு கோபுரம்... வாய்க்காலில் ஒரு மணி! ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் 80 கிலோமீட்டர் சைக்கிள் பயணம்

ஏரிக்குள் ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. அதை ஒட்டி ஒரு சுவர் இல்லை, தெரு இல்லை, ஊர் இல்லை. கரையில் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் ஆளுக்கொரு புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். படத்தில் கோபுரம் அழகாகத்தான் விழுகிறது. ஆனால், அந்தத் தண்ணீருக்கு அடியில் போனவை 163 வீடுகளும், சுமார் 1,300 ஏக்கர் விளைநிலமும்.

இத்தாலியின் வடக்கு ஓரத்தில், ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் எல்லை தொடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ரெஷென் கணவாய். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். 410 கிலோமீட்டர் ஓடி ஏட்ரியாட்டிக் கடலில் சேரும் எட்ச் ஆறு இங்கேதான் பிறக்கிறது. இத்தாலியர்கள் அதை அடிஜே என்கிறார்கள். ஆறு முதலில் இறங்கும் நீண்ட பள்ளத்தாக்குக்குப் பெயர் வின்ஷ்காவ். அதன் கீழ்க்கோடியைத் தாண்டியதும் மெரான் நகரம், உயரம் 325 மீட்டர். ஆக, கணவாயிலிருந்து மெரான் வரை சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,200 மீட்டர் இறக்கம். ஆற்றையொட்டித் தனி சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். பெடல் மிதிக்கத் தெரிந்த யாரும், அறுபது வயதைத் தாண்டியவர்கள்கூட, இரண்டு நாளில் நிதானமாக இறங்கிவிடலாம்.

வழி புதியதல்ல. 2,000 வருடங்களுக்கு முன்பு ரோமானியர்கள் ஆல்ப்ஸைக் கடக்கப் போட்ட கிளாடியா அகஸ்டா சாலை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது. படைகள், உப்பு வண்டிகள், ஆட்டு மந்தைகள் என எல்லாம் நடந்த தடத்தில் இப்போது சைக்கிள்கள் போகின்றன.

மூழ்கிய ஊர்

அந்த ஏரிக்கரை ஊருக்குப் பெயர் கிரௌன். கணவாயில் முன்பே சிறிய இயற்கை ஏரிகள் இருந்தன. மின்சாரத்துக்காக அவற்றைச் சேர்த்து அணை கட்டும் யோசனை நெடுங்காலமாக இருந்தது. முதலில் பேசியது ஐந்து மீட்டர் உயர்த்தத்தான். அதை 22 மீட்டராக்கியது பிறகு வந்த திட்டம். ஐந்து மீட்டர் என்றால் ஊர் தப்பியிருக்கும். 22 மீட்டர் என்றால் ஊரே இல்லை. அந்த வித்தியாசம் ஊர்மக்களுக்கு நேரத்தில் தெரியவரவில்லை. இந்த மக்கள் பேசுவது ஜெர்மன். முதல் உலகப் போருக்குப் பிறகுதான் இந்தப் பகுதி ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைமாறியது. அரசு அறிவிப்பு இத்தாலிய மொழியில் வந்தது. ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அது புரியாது. முசோலினி காலத்தில் மறுத்துப் பேசவும் வழியில்லை.

போர் முடிந்தால் திட்டம் கைவிடப்படும் என்று நம்பினார்கள். அதுவும் நடக்கவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்து பணம் வந்ததும் வேலை வேகம் பிடித்தது. ஊர்ப் பாதிரியார் ரோம் வரை போய் போப்பாண்டவரைப் பார்த்து முறையிட்டும் பலனில்லை. 1950 கோடையில் கோபுரத்து மணிகளை இறக்கினார்கள். அடுத்த சில நாள்களில் தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 14-ம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். வெட்டிய புல்லை உலர்த்திச் சேர்த்து, குளிர்காலம் முழுக்க மாட்டுக்குப் போடும் மேய்ச்சல் விவசாயிகளுக்குப் புல்வெளி போனால் எல்லாம் போனதுபோல. நஷ்டஈடு சொற்பம். சிலர் ஏரிக்கு மேலே புதிதாக வீடு கட்டி அங்கேயே தங்கினார்கள். பலர் மாட்டை விற்றுவிட்டு ஊரை விட்டே போனார்கள். குளிர்காலத்தில் ஏரி உறையும்போது கோபுரம் வரை நடந்தே போகலாம். இறக்கப்பட்ட மணிகள் இன்னும் அடிக்கிற சத்தம் கேட்பதாக உள்ளூரில் ஒரு பேச்சு உண்டு. 2021-ல் பராமரிப்பு வேலைக்காகத் தண்ணீரை வற்றவைத்தபோது, வீட்டுச் சுவர்களின் அடித்தளமும் படிக்கட்டுகளும் வெளியே தெரிந்தன. அதையும் போய்ப் படம் எடுத்தார்கள்.

ஏரி முடிந்ததும் பாதை சரேலென்று இறங்குகிறது. பயணத்தில் பிரேக்கைச் சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். இறங்கும் வழியில், மலைச்சரிவில் வெள்ளைவெளேர் என்று ஒரு பெரிய கட்டடம் தெரியும். மரியென்பெர்க் மடாலயம். 1,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த பெனடிக்டைன் துறவியர் மடத்தின் நிலவறையில் 12-ம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. நூற்றாண்டுகளாகச் சுவருக்குள் மறைந்து கிடந்ததால் நிறம் மங்காமல் தப்பித்தவை.

விவசாயக் குடும்பங்களுக்கு ஓவியத்தைவிடச் சுவாரசியமானது இந்த மடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ரொட்டி. பார்ல் என்று பெயர். 'ஜோடி' என்று அர்த்தம். ரை என்கிற குளிர்ப்பிரதேசத் தானியத்தின் மாவில், இரண்டு வட்டமான தட்டை ரொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுடுவார்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வீட்டுக்கு ஒற்றை ரொட்டிதான் சுடுவார்களாம். மாவில் சேர்க்கிற வாசனைச் செடி நம் வெந்தயத்துக்குப் பங்காளி; நீலப் பூ பூக்கும் ஒரு வெந்தய இனம். அந்தக் காலத்துப் பண்ணை வீடுகளில் வருடத்துக்கு இரண்டு, மூன்று முறைதான் அடுப்பு மூட்டி மொத்தமாகச் சுட்டு, காயவைத்து அடுக்கிக்கொள்வார்கள்.

மணி நின்றால் ஓட வேண்டும்!

பனிமலைகள் சூழ்ந்த ஊர், மழைக்கு என்ன குறை என்றுதான் தோன்றும். உண்மை தலைகீழ். சுற்றிலும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள். தெற்கே 3,905 மீட்டர் உயரத்தில் ஓர்ட்லர். மேகத்தை எல்லாம் அந்த மலைகளே தடுத்துக்கொள்கின்றன. பள்ளத்தாக்கில் வருட மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். ராமநாதபுரத்தில்கூட இதைவிட அதிகம் பெய்யும். தெற்கு பார்த்த சரிவை 'வெயில் மலை' என்று அழைக்கிறார்கள். புதர் மண்டிய வறண்ட மேடாகவே இருக்கிறது. எதிர்ச்சரிவில் அடர்ந்த காடு.

ஆனால், மேலே பனிப்பாறைகள் இருக்கின்றன. வெயில் கூடக் கூட அவை உருகும். பயிருக்கு எப்போது தண்ணீர் அதிகம் தேவையோ, அப்போதே ஓடைகளில் தண்ணீர் பெருகும். அதைக் கொண்டுவந்து சேர்த்தால் போதும். இதற்காக வெட்டிய வாய்க்கால்களுக்கு வால் என்று பெயர். 13-ம் நூற்றாண்டிலிருந்து இவற்றைப் பற்றிய ஆவணங்கள் இருக்கின்றன.

பக்கத்துப் பள்ளத்தாக்கில், உயரத்தில் ஓடையை மறித்து, மலைச்சரிவோடு மிக மெல்லிய வாட்டத்தில் வாய்க்காலை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வாட்டம் கூடினால் மண்ணை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் தங்கிவிடும். செங்குத்துப் பாறை குறுக்கிட்டால், மரத்தைத் தோண்டித் தொட்டிபோலாக்கி, பாறையில் முளையடித்துத் தொங்கவிட்டு, அதன் வழியே தண்ணீரைக் கடத்துவார்கள். அந்த மரத்தொட்டி மேல் நடந்துபோய் இலைதழை அள்ள வேண்டியவர் வாலர். ஊருக்குப் பொதுவான நீர்க்கட்டி அவர். வசந்தத்தில் தண்ணீர் திறப்பதிலிருந்து இலையுதிர் காலத்தில் அடைப்பது வரை, வாய்க்கால் முழுக்க அவர் பொறுப்பு.

கிலோமீட்டர் கணக்கில் நீளும் வாய்க்காலில் எங்கே உடைப்பு என்று ஒற்றை ஆளுக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு எளிய ஏற்பாடு. வாய்க்காலில் ஒரு சின்ன மரச் சக்கரம். தண்ணீர் ஓடும்போது சக்கரம் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுத்தியலைத் தூக்கி, ஒரு மணியின் மேல் போடும். 'டங்... டங்...' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எல்லாம் நலம். சத்தம் தளர்ந்தால் தண்ணீர் குறைகிறது. நின்றுவிட்டால் எங்கோ அடைப்பு அல்லது உடைப்பு. ராத்திரியானாலும் லாந்தரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். தூக்கத்தில் சத்தத்தால் எழுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். சத்தம் நின்றதால் எழுகிறவர் வாலர்.

தண்ணீர் பகிர்வு முறைவைத்துத்தான். யாருக்கு எந்த மணி நேரம் என்பது கணக்கு. நள்ளிரவு 2 மணிக்கு முறை வந்தால் அப்போது வயலில் நிற்க வேண்டும். வழக்கு, தகராறுக்கும் பஞ்சமிருந்ததில்லை.

இப்போது பெரும்பாலான இடங்களில் வாய்க்காலுக்குப் பதில் குழாய், வயலில் தெளிப்பான். வாலரின் வேலையைக் குழாய் வால்வுகள் பார்க்கின்றன. ஆனாலும் பல வால்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் கரையில் வாலர் நடந்த ஒற்றையடிப் பாதை இன்று நடைப்பயணிகளுக்குப் பிடித்த பாதை. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் அந்தக் கரையில் நடப்பது, இந்தப் பயணத்தில் தவறவிடக்கூடாத காரியம். மாறாத வாட்டம், காலுக்குப் பக்கத்திலேயே சலசலப்பு, கீழே பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும். மால்ஸ் ஊருக்கு மேலே விரிந்திருக்கும் மால்ஸர் ஹைடே புல்வெளியில் இன்றைக்கும் வாய்க்கால் பாசனத்தைப் பார்க்கலாம். 2023-ல் பாரம்பர்யப் பாசன அறிவை, இத்தாலி உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

குழந்தைகள் நடந்த வழி

இறக்கம் முடிந்து தரை சமமாகும் இடத்தில் குளுர்ன்ஸ். மக்கள்தொகை சுமார் 900. ஆனாலும் இது நகரம்தான், பட்டயம் பெற்ற நகரம். 1499-ல் பக்கத்தில் நடந்த கால்வென் போரில் வென்ற சுவிஸ் தரப்புப் படை ஊரைக் கொளுத்தியது. பிறகு 16-ம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் சுவர் இன்றும் ஊரைச் சுற்றி முழுதாக நிற்கிறது. மதிலுக்கு உள்ளே தெரு, வீடு, வைக்கோல் பரண். மதிலை ஒட்டி வெளியே வயல். சுற்றுவட்டாரத்தில் பாலாபிர் என்கிற பழங்காலப் பேரி மரங்கள் இருக்கின்றன. வீட்டை மறைக்கும் அளவுக்கு உயர்ந்த மரங்கள். பழத்தை அப்படியே தின்பதோடு, உலர்த்தியும் வைப்பார்கள், ரொட்டியிலும் சேர்ப்பார்கள்.

அடுத்த ஊர் ஷ்லுடெர்ன்ஸ். மேலே 13-ம் நூற்றாண்டு கூர்புர்க் கோட்டை. அங்கே போர்க்கவசங்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்று இரண்டு மீட்டருக்கும் அதிக உயரமுள்ள ஆளுக்குச் செய்தது. கூட்டமெல்லாம் கோட்டைக்குத்தான் போகிறது. ஆனால், ஊருக்குள் இருக்கும் சின்ன வின்ஷ்காவ் அருங்காட்சியகத்தில்தான் வால் வாய்க்கால்களின் கதையும், 'ஷ்வாபென் குழந்தைகள்' கதையும் இருக்கின்றன.

மேல் வின்ஷ்காவில் தகப்பன் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம். மூன்று தலைமுறையில் காணி துண்டாகி, துண்டு துணுக்காகி, குடும்பம் சாப்பிட முடியாத நிலை. வாய் ஒன்று குறைந்தாலே பெரிய உதவி. அதனால், எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளை, வசந்தத் தொடக்கத்தில், பனி முழுதாக விலகும் முன்பே, ரெஷென் கணவாய் வழியாக நடத்தி ஜெர்மனியின் ஷ்வாபென் பகுதிக்கு அனுப்பினார்கள். ராவென்ஸ்புர்க் போன்ற ஊர்களில் பிள்ளைச் சந்தையே கூடியது. அங்கத்திய பணக்கார விவசாயிகள் வந்து பார்த்துக் கூலி பேசி, மாடு மேய்க்கவும் பண்ணை வேலைக்கும் கூட்டிப்போவார்கள். இலையுதிர் காலம் முடிந்து நவம்பரில் திரும்பி நடை. கூலி, கொஞ்சம் பணமும் புதுத் துணியும் செருப்பும். 17-ம் நூற்றாண்டில் ஆரம்பித்து 20-ம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை இது நடந்தது. ஜாலியாக சைக்கிள் இறங்கி வருகிற அதே பாதையில், எதிர்த்திசையில், அந்தப் பிள்ளைகள் ஏறிப் போனார்கள். இதே மாகாணத்தின் மற்றப் பகுதிகளில் பண்ணையைப் பிரிக்காமல் ஒரே வாரிசிடம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே பண்ணை பிழைத்தது; மற்றப் பிள்ளைகள் அண்ணன் வீட்டிலேயே கூலியாளாக இருந்தார்கள். எது நல்ல வழி என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

லாஸ் என்ற ஊரில் நடைபாதையே வெள்ளைப் பளிங்கு. மலைமேல் வெட்டும் கல்லை 1930-லிருந்து சரிவு ரயிலில் இறக்குகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைச் சிலுவைகள் ஆயிரக்கணக்கில் இந்தக் கல்லில்தான் செதுக்கப்பட்டன.

வாக்குப்பெட்டி வைத்த ஊர்

லாஸ் தாண்டினால் இரண்டு பக்கமும் ஆப்பிள்தான். மணிக்கணக்காக ஆப்பிள். ஒரு காலத்தில் டிரோல் நாட்டின் தானியக் களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பள்ளத்தாக்கு இது. இப்போது தானியம் அபூர்வம். ஆளுயரத்துக்குச் சற்று அதிகமான குட்டை மரங்கள், திராட்சைக் கொடிபோலக் கம்பியில் கட்டி, ஏக்கருக்கு ஆயிரத்துக்கும் மேல். மேலே ஆலங்கட்டி வலை. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஆறு, ஏழு ஏக்கர். ஆனால், பெரும்பாலானவர்கள் தனியாக விற்பதில்லை. கூட்டுறவு சங்கம் வழியாகத்தான். அறுவடையை ஒப்படைத்துவிட்டால், தரம் பிரித்து, குளிர்கிடங்கில் ஆக்ஸிஜனைக் குறைத்து வருடம் முழுக்க வைத்து விற்பது சங்கத்தின் வேலை. சிறு விவசாயி ஆறு ஏக்கரில் காலூன்றி நிற்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

ஏப்ரலில் இங்கே வருபவர்கள் அதிகாலையில் ஒரு விசித்திரத்தைப் பார்ப்பார்கள். பூத்த தோட்டம் முழுக்கக் கண்ணாடிபோல ஐஸ். இரவில் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூ கருகிவிடும். அதனால், தெளிப்பான்களைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். பூவைச் சுற்றி ஈரம் உறைந்துகொண்டே இருக்கும்வரை, பூவின் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். ஆனால், நடுவில் நிறுத்தினால் ஆபத்து. காலையில் வெயில் வந்து ஐஸ் உருகும்வரை தண்ணீர் ஓட வேண்டும். அந்த இரவுகளில் ஊரே தூங்காது.

வெப்பம் கூடிவருவதால் ஆப்பிள் ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறியது. புல்லும் தானியமும் இருந்த மால்ஸ் வரை வந்தது. அங்கே ஓயாத காற்று. ஒரு தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்து, பக்கத்து இயற்கை விவசாயியின் புல்லில் போய் உட்கார்ந்தது. மாட்டுக்குப் போட வைத்திருந்த உலர்புல்லில் மருந்து எச்சம் வந்தால், அவருடைய இயற்கைச் சான்றிதழ் என்ன ஆவது? பிரச்னை வளர்ந்து, 2014-ல் மால்ஸ் ஊராட்சி வாக்கெடுப்பு நடத்தியது. 'ஊர் எல்லைக்குள் ரசாயனப் பூச்சிமருந்து வேண்டாம்' என்று வாக்களித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சொன்னார்கள்.

ஆப்பிள் விவசாயிகளின் கேள்வியிலும் நியாயம் இருந்தது. 'சட்டம் அனுமதித்த மருந்தைத்தானே அடிக்கிறோம், ஆறு ஏக்கர் வருமானத்துக்கு யார் பொறுப்பு?' என்றார்கள். வழக்கு போட்டார்கள். இப்படித் தடைபோட ஊராட்சிக்கு அதிகாரமில்லை என்று 2019-ல் நிர்வாக நீதிமன்றம் விதியைத் தள்ளியது. மருந்துப் பயன்பாட்டைக் கடுமையாக விமர்சித்தவர்கள் மேல் 1,300-க்கும் அதிகமான விவசாயிகள் சேர்ந்து அவதூறு புகார் கொடுத்தார்கள். பெரும்பாலான புகார்கள் திரும்பப் பெறப்பட்டன. 2022-ல் வழக்கு விடுதலையில் முடிந்தது. இதற்கிடையில், மாகாணத்தில் தோட்டங்களை ஒட்டிய 71 விளையாட்டுத் திடல்களில் புல்லை எடுத்துச் சோதித்த ஆய்வு 2019-ல் வெளியானது. 45 சதவிகிதத் திடல்களில் குறைந்தது ஒரு மருந்தின் எச்சமாவது இருந்தது. சட்டத்தில் தோற்றாலும், மால்ஸில் வாக்கெடுப்பு வீண் என்று சொல்ல முடியாது. பக்கத்து வயல்காரரும் குழந்தையும் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்பதை விவசாயிகளே பேச வேண்டிய நிலைக்கு அது கொண்டுவந்தது.

நாட்டுர்ன்ஸ் ஊரில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மிகச் சின்ன தேவாலயம், புனித புரோக்குலுஸ் பெயரில். உள்ளே 1,000 வருடங்களுக்கும் மிகப் பழைய சுவரோவியங்கள். ஊஞ்சலில் ஆடுவதுபோலக் கயிற்றில் இறங்கித் தப்பிக்கும் புனிதர்தான் பிரபலம். மேற்குச் சுவரைப் பார்க்கத் தவறக்கூடாது. அங்கே ஒரு மாட்டு மந்தை, கூடவே ஒரு நாய். புரோக்குலுஸ் மாடுகளைக் காக்கும் புனிதர்.

பக்கத்தில் பிரியும் ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கில், ஜூன் மாதம் ஆயிரக்கணக்கான ஆடுகளைப் பனிக்கணவாய் தாண்டி ஆஸ்திரியாவின் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய், செப்டம்பரில் திருப்பி ஓட்டி வருகிறார்கள். அந்த மலைமேல்தான் 1991-ல், 5,000 வருடங்களுக்கும் முன்பு இறந்த 'பனி மனிதன்' உடல் கிடைத்தது.

திரும்பிப் போக ஏற வேண்டியதில்லை. மெரானிலிருந்து மால்ஸ் வரை 60 கிலோமீட்டர் ரயில் பாதை. 1906-ல் போட்டது, பல ஆண்டுகள் மூடிக்கிடந்து 2005-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. நிலையத்திலேயே சைக்கிளை வாடகைக்கு எடுத்து, இறங்கும் நிலையத்தில் விட்டுவிடலாம். செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் ஓரமாகப் போக வேண்டும். தோட்டங்களுக்குள் சைக்கிள் பாதைதான் டிராக்டர் பாதையும். பின்னால் ஆப்பிள் பெட்டிகளோடு வருகிறவருக்கு அது வேலை நாள்.